கூண்டில் ஒட்டிய சீட்டு

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அவளைக் கரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அங்கே ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சீட்டு தொங்கும். உப்பில்லாமல், கஞ்சி மட்டும், அரை வயிறு என்று எழுதியிருக்கும். தள்ளுவண்டியில் அண்டாவோடு போகிறவள் சீட்டைப் பார்த்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவளும் சீட்டைப் பார்ப்பாள். பார்த்த கையோடு படுத்திருப்பவரின் முகத்தையும் பார்ப்பாள். அந்த முகம் கொஞ்சம் கெஞ்சினால் போதும், ஒரு கரண்டி கூடுதலாகப் போய்விடும்.

"ஒரு கரண்டில யாரும் செத்துட மாட்டாங்க. சீட்டு எழுதுற புண்ணியவான் பசின்னா என்னன்னு பாத்திருப்பானா?" என்பாள். பதினெட்டு வருஷத்தில் யாரும் செத்துப்போகவும் இல்லை. அந்தத் தைரியம் அவளுக்கு நன்றாக முற்றிப் போயிருந்தது.

நாற்பத்தொரு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தொலைதூர லாரி ஓட்டுபவர், மனைவியைப் பறிகொடுத்தவர், ஒன்பது வயதில் அவருக்கு ஒரு பெண். வாரத்தில் நாலைந்து நாள் அவர் சாலையில் இருப்பார். வீட்டில் இவளும் பிள்ளையும்தான். ஊரான் வயிற்றுக்கெல்லாம் ஊற்றிய கை அது. அந்தக் கையால் சமைத்த ஒரு பருக்கையைக்கூட அந்தப் பிள்ளை தொடவில்லை. காலையிலும் ராத்திரியும் அப்பா வாங்கிவைத்துவிட்டுப் போன ரொட்டி, மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சாப்பாடு. தட்டைத் தள்ளிவிட்டு அடம்பிடித்தாலாவது திட்டலாம். "பசிக்கலைங்க" என்று வெகு மரியாதையாகச் சொல்லும். மூன்று மாதத்தில் சித்தி என்று ஒரு தடவை கூப்பிட்டதில்லை. அந்த 'ங்க' இருக்கிறதே, அது கரண்டியின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. இந்தப் பிள்ளை என் கையால் ஒரு வாய் சாப்பிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தாள் அவள்.

அப்படியிருக்கும்போதுதான் பிள்ளையின் அத்தை ஒரு முயல்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழு வாரக் குட்டி, சாம்பல் நிறம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓயாமல் மூக்கை ஆட்டிக்கொண்டே இருந்ததால் பிள்ளை அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்தது. டிவி சத்தம் எட்டாத பின்னறை மூலையில் கூண்டை வைத்து, பாதியைப் பழைய துண்டால் மூடி, ஒளிந்துகொள்ள ஒரு செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே தள்ளியது. அத்தை சொல்லச் சொல்லத் தன் கையெழுத்தில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டியது:

'காய்ந்த புல் எப்போதும் இருக்கணும். பழகின தீவனமே காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. மூணு மாசம் ஆகும்வரை கீரை, கோஸ், கேரட் கூடாது. ஒரு வாரம் தூக்கக் கூடாது.'

பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூண்டுக்கு முன்னால் குப்புறப் படுத்து, ஒரு புல்லைக் கம்பிக்குள் நீட்டிக்கொண்டே கிடக்கும். மூக்கன் டப்பாவை விட்டு வராது. கை மரத்துப்போகும்வரை நீட்டிவிட்டு, "பரவால்ல, நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும். கதவோரம் நின்று கரண்டி அதைப் பார்த்தாள். நாமும் இப்படித்தானே மூன்று மாதமாக நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தவள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். தீவனம் பாதி அப்படியே கிடந்தது. புல் சருகாக இருந்தது. சருகைத் தின்று ஒரு குட்டி வளருமா? கட்டில் கட்டிலாகச் சீட்டைப் பார்த்துச் சலித்துப்போன கண்ணுக்கு இதுவும் இன்னொரு சீட்டுதான். பையில் சமையற்கட்டில் கழித்துப்போட்ட கோஸ் இலைகள் இருந்தன. ஒன்றைக் கிள்ளிக் கம்பிக்குள் நீட்டினாள்.

டப்பா ஓட்டையில் மூக்கு தெரிந்தது. அப்புறம் காது. அப்புறம் முழுசாக வெளியே வந்து, அவள் விரலிலிருந்தே இலையை இழுத்து, அரவை மெஷினில் போட்டாற்போல் சரசரவென்று தின்று தீர்த்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிக்காதீர்கள், அந்த வீட்டில் அவள் கையால் வாங்கித் தின்ற முதல் உயிர் அதுதான். "சாப்பிடுடா என் ராஜா, இந்தச் சித்தி குடுக்கிறேன்" என்றாள். இன்னொரு இலை கொடுத்தாள். நாலாம் நாள் மூன்று இலை, ஐந்தாம் நாள் கேரட் முனைகளும் சேர்ந்துகொண்டன. பிள்ளை வருவதற்குள் துணுக்கெல்லாம் பொறுக்கிவிடுவாள். மூக்கன் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பிள்ளையைக் கூப்பிட்டு எப்படிக் கொடுப்பதென்று காட்டலாம், இரண்டு பேரும் சேர்ந்தே ஊட்டலாம் என்று மனக்கோட்டை வேறு.

ஐந்தாம் நாள் சாயங்காலமே கூண்டின் அடிவிரிப்பில் கழிச்சல் இருந்தது. பிள்ளை பார்த்தால் பயந்துவிடும் என்று துடைத்துப் போட்டாள். ஆறாம் நாள் காலையில் மூக்கன் மூலையில் உருண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வயிறு உப்பி, தட்டினால் சத்தம் வரும்போல் இருந்தது. பிள்ளை பள்ளிச் சீருடையோடு கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா குட்டியின் வயிற்றில் விரலை வைத்தபடி பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னம்மா குடுத்தே?"

"புல்லும் தீவனமும் மட்டும்தான்."

"கீரை, காய் எதுவும் குடுக்கலையே? நல்லா யோசிச்சுச் சொல்லு. அதுக்குத் தகுந்த மாதிரிதான் மருந்து."

"இல்ல டாக்டர். சீட்டுல இருக்கிறதுதான் குடுத்தேன்."

கரண்டி பக்கத்தில்தான் நின்றாள். பிள்ளை எதிரில் எப்படிச் சொல்வது, வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிள்ளை வெளியே போகவே இல்லை. டாக்டரம்மா ஏதோ ஊசி போட்டாள், சொட்டு மருந்து கொடுத்தாள், வயிற்றை நீவிக்கொண்டே இருக்கச் சொன்னாள். அதற்குள் அடுத்த நாய் மேஜைக்கு வந்துவிட்டது. வழி முழுக்கப் பிள்ளை நீவிக்கொண்டே வந்தது. மூன்று மணிக்கு, நீவிக்கொண்டிருக்கும்போதே, மூக்கனின் மூக்கு நின்றுபோனது.

லாரிக்காரருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். அவர் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"அவகிட்ட சொல்லிடாதே. குட்டிதானே, சின்னதுங்க இப்படிப் போறது சகஜம். வரும்போது வேற ஒண்ணு வாங்கியாறேன். இப்பதான் வீடு கொஞ்சம் ஒழுங்கா இருக்கு. கெடுத்துக்காதே."

சரியென்றாள். பாவி மனசுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா.

சாயங்காலம் சோறும் முட்டைப்பொரியலும் செய்துவைத்துவிட்டு அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வந்து எதிரில் உட்கார்ந்தது. கண் வீங்கியிருந்தது.

"சித்தி, எனக்கும் சாப்பாடு போடுறீங்களா?"

கரண்டி எழுந்தாள். தட்டில் போட்டாள். பிள்ளைக்குத் தட்டை எடுக்கத் தெம்பில்லை. அவளே பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். வாங்கிக்கொண்டது. இரண்டாவது வாயும் வாங்கிக்கொண்டது. மூன்று மாதமாகத் தவம் கிடந்த விஷயம், இப்படி, இந்த நாளில்.

"நான்தான் மூக்கனைக் கொன்னுட்டேன்" என்றது பிள்ளை, மென்றுகொண்டே. "தூக்கக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சுல்ல? நாலாம் நாள் தூக்கிட்டேன். அது வரவே மாட்டேங்குதேன்னு. அஞ்சு நிமிஷம்தான் மடியில வச்சிருந்தேன்."

"அதனால இல்லம்மா."

"அதனாலதான். அம்மா போன அன்னிக்கும் நாலு மணி மருந்து குடுக்கணும்னு அத்தை சொல்லிட்டுப் போனாங்க, நான் தூங்கிட்டேன். நான் சொன்ன பேச்சு கேக்கிறதில்ல சித்தி. இனிமே கேக்கிறேன். நீங்க போடுறதைச் சாப்பிடறேன்."

வாயைத் திறந்து அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தது பிள்ளை. ஊட்டிவிட்டால் போதும். எல்லாம் அதன்பாட்டில் சரியாகிவிடும். கரண்டி அந்தக் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த வாயையே பார்த்தாள். இந்தப் பிஞ்சு மேல் இரண்டு சாவைச் சுமத்திவிட்டு நான் ஊட்டினால், என்னைவிடக் கேடுகெட்டவள் உண்டா என்று நினைத்தாள். கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"நீ தூக்கினதால இல்ல. நான் கோஸ் குடுத்தேன். மூணு நாளு, நீ பள்ளிக்கூடம் போனப்புறம். கேரட்டும் குடுத்தேன். சீட்டைப் படிச்சுட்டுத்தான் குடுத்தேன். அதுல வயிறு கெட்டுத்தான் போச்சு. உங்கம்மாவும் நீ தூங்கினதால போகல. அந்த வியாதிக்கு ஒரு வேளை மருந்து விட்டுப்போனா ஆகிறது ஒண்ணுமில்ல. நான் ஆஸ்பத்திரில பாத்தவ, சொல்றேன்."

பிள்ளை மெல்லுவதை நிறுத்தியது. ரொம்ப நேரம் அவள் கையையே பார்த்தது.

"உங்க கைல இருந்து வாங்கித் தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"டப்பாலேருந்து வெளிய வந்துச்சா?"

"ஆமாம்மா."

பிள்ளை தலையை ஆட்டியது. அழவில்லை. அழுதிருந்தால் எடுத்து அணைத்துக்கொண்டிருப்பாள்.

"டாக்டர் கேட்டப்ப ஏங்க சொல்லல?"

பொய் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை.

"உனக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"அப்ப அது உயிரோட இருந்துச்சே" என்றது பிள்ளை.

எழுந்து குழாயடிக்குப் போய், வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, இரண்டு தரம் கொப்பளித்தது.