வலிக்காத முட்டு

டாக்டர் தாவீது ஊசிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தங்கப்பழத்துக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. வந்தவனை வாவென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிலைக் காட்டினார், வேட்டியை ஏத்திக்கட்டச் சொன்னார், வலது கால் முட்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். அசைத்த அசைப்பில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"எத்தனை நாளா இந்தக் காலை வச்சிக்கிட்டு ஆடுதே?"

"மூணு மாசமா."

"மாடுகூட நொண்டினா படுத்துக்கிடும்."

தங்கப்பழம் பல்லைக் கடித்துக்கொண்டான். சங்கரன்கோவில் வட்டாரத்தில் அவனை இப்படிப் பேச ஆள் கிடையாது. வயது இருபத்தொன்பது. பகலில் பருத்தி மில்லில் மூட்டை தூக்குவான், சாயங்காலமானால் கபடி. அவன் மூச்சுப் பிடித்துப் பாடிப்போனால் எதிரணியில் ஒருத்தனையாவது தொடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பமாட்டான் என்று சிவகிரி வரைக்கும் பேச்சு. அந்த எண்பத்திரண்டாம் வருஷம் ஆடித்தபசுத் திருவிழாப் போட்டியைப் பார்க்க மதராஸிலிருந்து ஒரு கம்பெனி அணிக்காரர்கள் வருகிறார்கள் என்று சேதி வந்திருந்தது. பிடித்துப்போனால் கையோடு வேலை. முப்பது தாண்டியவனை எடுக்கமாட்டார்கள்.

எண்ணெய்க்கட்டும் போட்டாயிற்று, மருந்துக்கடை மாத்திரையும் விழுங்கியாயிற்று. முட்டு இளநீர்க்காய் மாதிரி வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் அவன் மனைவி பேச்சித்தாய்தான் இங்கே இழுத்துக்கொண்டு வந்தாள். தாவீது எம்.பி.பி.எஸ். படித்தவர். அப்புறம் கொழும்பில் ஆறு மாதம் தங்கி, மருந்தில்லாத ஊசி குத்தும் சீன வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஓட்டக்காரர்களின் கால்வலியை அங்கே அப்படித்தான் பார்க்கிறார்களாம்.

"உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "முழுசா அறுகல. ஊசி வலியைக் குறைக்கும், வீக்கம் வடியும். ஆனா கிழிசலைத் தைக்காது. ஆறு வாரத்துக்குக் களத்துப் பக்கம் போகக்கூடாது. சம்மதம்னா படு. இல்லேன்னா எந்திரிச்சுப் போ."

ஆறு வாரம் என்றால் ஆடித்தபசு போய்விடும். தங்கப்பழம் பேச்சித்தாயைப் பார்த்தான்.

"போகமாட்டேன்" என்றான்.

"ஆரு மேல சத்தியம்?"

"என் பொண்டாட்டி மேல."

தலைமயிர் கனத்துக்குத்தான் இருந்தது ஊசி. முட்டுக்குக் கீழே ரெண்டு, கெண்டைக்கால் ஓரத்தில் ஒன்று, பாதத்தில் ஒன்று. அப்புறம் அவன் கையைப் பிடித்துப் பெருவிரல் பக்கத்துச் சதையிலும் ஒன்றை இறக்கினார்.

"வலிக்கது முட்டு. குத்துதது கையிலயா?" என்று தங்கப்பழம் சீறினான்.

"படிச்சது நானா நீயா?"

கொஞ்ச நேரத்தில் கால் கனத்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு குறுகுறுப்பு மேலே ஏறியது. மூன்றாம் தடவை குத்திய பிறகு படிக்கட்டில் இறங்கிப் பார்த்தான், சுருக்கென்ற குத்தல் இல்லை. ஆறாம் தடவைக்குப் பிறகு குத்தவைத்து உட்கார்ந்து எழுந்தான். வலிக்கவில்லை. இந்த மனுசனால் குணமாயிற்றே என்பதுகூட அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"வலி போனா சீக்கு போச்சுன்னு நெனைக்காத" என்றார் டாக்டர், அவன் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு. "வலிதான் உனக்குக் காவக்காரன். அவனை இப்பம் தூங்க வச்சிருக்கேன். நீ கதவைத் தொறந்து போட்டுறாத."

தங்கப்பழம் தலையை ஆட்டினான். மறுநாளே பஸ் ஏறி, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் மேலநீலிதநல்லூருக்குப் போய் ஆடிப் பழகினான். அணியை நடத்துகிற காளிராஜ் அண்ணாச்சிதான் ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர். வேட்டியில் ஒட்டிய செம்மண்ணை வைத்துப் பேச்சித்தாய் கண்டுபிடித்துவிட்டாள்.

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீயளே. நான் செத்தா ஒங்களுக்கு என்ன, இல்லையா?"

"வாயைப் பொத்துட்டி. மதராஸுக்குப் போனா நீதான் முதல்ல சிரிப்பே."

அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் முட்டு லேசாக முணுமுணுத்தது. தங்கப்பழம் டாக்டரிடம் போய், சொந்தத்தில் ஒரு கல்யாணம், நாள் முழுக்க நிற்கணும், கொஞ்சம் கூடவே குத்திவிடுங்கள் என்று கேட்டான். டாக்டர் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"கல்யாணம்தானே?"

"கல்யாணந்தான்."

குத்திவிட்டார்.

மறுநாள் வாசுதேவநல்லூர் அணியோடு ஆட்டம். ஆடித்தபசுக்கு வந்த கூட்டம் மைதானத்தைச் சுற்றி நெருக்கி நின்றது. தங்கப்பழம் முதல் பாதியில் ஒன்பது பேரைத் தொட்டுவிட்டு வந்தான். கால் இருக்கிறதே தெரியவில்லை. மதராஸ்காரர் ஒருத்தர் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டதைக் காளிராஜ் ஓடிவந்து சொன்னார். இரண்டாம் பாதியில் அவன் பாடிப்போனபோது கணுக்காலை ஒருத்தன் கவ்வினான். தங்கப்பழம் இடுப்பைத் திருப்பி உதறினான். உடம்பு திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை. உள்ளே எதுவோ தெறித்த சத்தம் அவன் காதுக்கே கேட்டது. கோட்டை எட்டிப் பிடிக்கக் கை நீட்டியபடி மண்ணில் விழுந்தான்.

ஊர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "அந்த ஊசிக்காரன் நரம்பையெல்லாம் சாகடிச்சிட்டாம்ல!" என்று காளிராஜ் கத்தினார். பிறகு ஸ்ட்ரெச்சரில் குனிந்து கேட்டார். "டாக்டரு ஆடலாம்னு சொன்னாராடே?"

நூறு முகங்கள் அவனையே பார்த்தன. பொய் சொல்லி ஆடினேன் என்று அந்த முகங்களிடம் எப்படிச் சொல்வது?

"ஆமா" என்றான்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ராஜபாளையம் ரோட்டிலிருந்த டாக்டரின் கிளினிக்கை அரை மணி நேரத்தில் உடைத்து நொறுக்கினார்கள். போர்டைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார்கள். ஊசிப் பெட்டிகள் ரோட்டில் கொட்டின. தடுக்க வந்த தாவீதுக்கு நெற்றியில் கல்லடி, ஏழு தையல். நாலு பேரைப் போலீஸ் பிடித்தது. அதில் ஒருத்தன் காளிராஜின் அக்காள் மகன்.

பத்து நாள் கழித்து, தலையில் கட்டோடு டாக்டர் தங்கப்பழத்தின் வீட்டுக்கு வந்தார். பேச்சித்தாய் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"காலைக் காட்டு."

"எதுக்கு? இன்னும் நாலு குத்தணுமா?" என்றான் தங்கப்பழம். படுக்கையில் கிடந்து கிடந்து அவன் குரலில் விஷம் ஏறியிருந்தது. "நீரு குத்தலேன்னா எனக்கு வலிச்சிருக்கும்லா? வலிச்சிருந்தா ஆடியிருப்பேனா?"

"அதைப் பாக்கத்தான் வந்திருக்கேன். குத்தினது நான். தப்பு என் கையிலயா, உன் நாக்குலயான்னு எனக்குத் தெரியணும்."

அவன் தடுப்பதற்குள் முட்டுக்குக் கீழே பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். கழன்ற கதவு மாதிரி எலும்பு முன்னால் வந்தது.

"ஜவ்வு அறுந்துட்டு" என்றார். "பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ஆபரேஷன் பண்ணுவாங்க." ஒரு சீட்டை எழுதி நாற்காலியில் வைத்தார்.

"உம்ம சீட்டு எனக்கு வேண்டாம் வே!" தங்கப்பழம் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் பட்டு உருண்டது. டாக்டர் திரும்பிப் பார்க்காமல் போனார். பேச்சித்தாய் சீட்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

"கல்லை எறிஞ்சது அவனுக. எடுத்துக் குடுத்தது நீங்க" என்றாள்.

ஆவணிக் கடைசியில் காளிராஜ் ஜட்கா வண்டி கொண்டுவந்து, தங்கப்பழத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனார். டாக்டர் ஆடச் சொன்னதால்தான் கால் போனது, அந்த ஆத்திரத்தில்தான் பையன்கள் அப்படிச் செய்துவிட்டார்கள் என்று அவன் எழுதிக் கொடுத்தால் கேஸ் நீர்த்துப்போகுமாம். தாவீதும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏட்டையா எழுதிவைத்திருந்ததை வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போட அவன் கையில் பேனாவைக் கொடுத்தார்.

தங்கப்பழம் கம்பை ஊன்றி எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. வாசலில் நின்ற ஆளிடம் காளிராஜ் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"இனிமே இவன் எதுக்கு ஆகப்போறான்? இந்தக் கையெழுத்துக்காவது ஆவட்டும்."

தங்கப்பழத்துக்குக் காதெல்லாம் சுட்டது. எட்டு வருஷம் இந்த மனுசனுக்காக மண்ணில் புரண்டிருக்கிறான். பேனாவை மேஜை மேல் வைத்தான்.

"இது பொய்யி" என்றான். "டாக்டரு ஆடக்கூடாதுன்னுதான் சொன்னாரு. சத்தியம் வாங்கினாரு. நாந்தான் கல்யாணம்னு பொய் சொல்லிக் குத்திக்கிட்டேன். அண்ணாச்சிக்கும் தெரியும். மேலநீலிதநல்லூர்ல எனக்கு ஆடப் பழக எடம் பிடிச்சுக் குடுத்ததே அவருதான்."

காளிராஜ் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். ஏட்டையா விலக்கிவிட்டார். "துரோகிப் பயலே, ஒன்னை ஊருக்குள்ள நடக்கவிடமாட்டேன்" என்று கத்திக்கொண்டே அவர் வெளியேறினார். ஜட்கா வண்டியும் அவரோடு போய்விட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் டாக்டர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். தங்கப்பழம் கம்பை ஊன்றி ஊன்றி அவர் பக்கத்தில் போனான்.

"டாக்டரய்யா, மன்னிச்சுக்கிடுங்க."

"மாட்டேன்" என்றார் தாவீது. "எங்கிட்ட தெனம் நாப்பது பேரு வந்துக்கிட்டிருந்தாங்க. இப்பம் ஆறு பேரு வாராங்க. ஒரு பொம்பளை என்னைப் பாத்ததும் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுதா. நீ ஒரு நிமிசத்துல சொன்னதை நான் எத்தனை வருசம் ஊர் ஊராப் போயி அழிக்கணும்?"

டாக்டர் அவன் காலைப் பார்த்தார்.

"இன்னும் பாளையங்கோட்டைக்குப் போகலைல்லா? நாளாக நாளாக முட்டு தேயும். நாளைக்கே போ." சொல்லிவிட்டு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனார். ஏறிக்கொள் என்று அவர் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

வெயிலில் அவன் வீடு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சைக்கிள் கடையைத் தாண்டும்போது அவனோடு ஆடின பையன்கள் காறித் துப்பினார்கள். அதில் ஒன்று அவன் கம்பில் விழுந்தது. அதைத் துடைக்காமலே நடந்தான். முட்டு ஒவ்வொரு அடிக்கும் கொன்றது.

பேச்சித்தாய் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அவனுக்குச் சோறு போட்டாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பாளையங்கோட்டைக்குக் காலையில எத்தனை மணிக்குப் பஸ்ஸு இருக்குட்டி?" என்றான் தங்கப்பழம்.