நடுச்சதை

தன் உறவுக்காரர் சரக்கைத் தானே சோதிக்கக் கூடாது, வேறொருவர்தான் சோதிக்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்து விதி. அந்த வேறொருவர் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார். "நீயே பாரும்மா. ஒரு படியைக்கூட விட்டுடாதே," என்று சொல்லிவிட்டு மேலாளர் தன் அறைக்குப் போய்விட்டார்.

அவளுக்கு எதிரே அக்காவின் புருஷன். மண்ணுக்குள் விளையும் ட்ரஃபிள் காளானை வாங்கி விற்பவர். மேசைமேல் ஒரு பெட்டி நிறையக் கறுத்த, முரட்டுத் தோல் உருண்டைகள். உயர்ந்த ரகமா, பார்வைக்கு அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் மட்ட ரகமா என்று வாசனையைப் பிரித்துக் காட்டும் மெஷின்தான் சொல்ல வேண்டும். உயர்ந்தது என்று சான்று வராவிட்டால் ஓட்டல்காரர் இனி வாங்க மாட்டார். அக்கா வீட்டு அடுப்பு அந்த ஓட்டலை நம்பித்தான் எரிகிறது.

ஓர் உருண்டையை முழுசாகக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, இளஞ்சூட்டில் வைத்து, உள்ளே சேர்ந்த ஆவியை ஊசியால் உறிஞ்சி மெஷினுக்குக் கொடுத்தாள். திரையில் கோடு மலை மலையாக எழுந்தது. உயர்ந்த ரகத்துக்கு உரிய முகடுகள் அத்தனையும் இருந்தன.

"பாத்தியா மச்சினி? அத்தான் சொக்கத் தங்கம்னு உங்கக்கா சும்மாவா சொல்றா? கையெழுத்தைப் போடு."

"இன்னும் வெட்டிப் பாக்கணும் அத்தான்."

"அதான் வாசனை வந்துடுச்சே. அப்புறம் எதுக்குக் கத்தி?"

"பூவோட சேர்ந்தா நாரும் மணக்கும். தோல்ல ஏறின வாசனை நடுச்சதை வரைக்கும் போகாது."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் கத்தியை எடுத்தாள். கத்தியைக் கீழே வைத்தால் கேட்க யாருமில்லை. அக்காவின் முகம் வந்து வந்து போயிற்று. வெட்டினாள்.

நடுவிலிருந்து ஒரு துண்டு, புதுக் குப்பி, மறுபடியும் சூடு. மெஷின் முனகிக்கொண்டே இருந்தது. அவர் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார். திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து, மட்ட ரகத்துக்கு உரிய இடத்தில் மட்டும் லேசாகப் புடைத்து அடங்கியது.

"மட்ட ரகம், அத்தான்."

"உங்கக்காவைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

"அவளைத்தான் நெனச்சிட்டிருக்கேன்."

"ஏதோ ஒண்ணு அப்படி வந்து மாட்டிக்கிச்சு. வேற ஒண்ணை வெட்டு. இந்தா."

மேலே கிடந்தவற்றை ஒதுக்கிவிட்டு, அடி மூலையிலிருந்து ஒன்றைத் தேடாமலே எடுத்து நீட்டினார்.

அதையும் வெட்டினாள். அதன் நடுச்சதையிலும் மலைகள் எழுந்தன.

"பாத்தியா?" என்றார், குரல் இறங்கிப்போய்.

"பாத்தேன். மத்ததையெல்லாம் மணக்க வச்ச பூ இதுதான். இது எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார். அவள் சோதனைத் தாளில் 'கலப்படம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மேலாளர் அறைக்குப் போக எழுந்தாள்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தான். நான் சொன்னா நம்ப மாட்டா."