பாய்லர் செய்தவள்

“அந்தத் தகட்டுல என் பேரும் வரணும் சார்.”

பாண்டிச்செல்வி வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே லேத் ஓட்டும் பாண்டிராஜ் அண்ணன் அவளிடம் சொல்லியிருந்தார். “லீவு கேளு, சண்டை போடு, என்ன வேணாலும் பண்ணு. பேர் போடுற தகட்டைப் பத்தி மட்டும் வாயத் திறந்துறாத தாயி.” திறந்துவிட்டாள். அதுவும் விருந்தாளிகள் நிறைந்திருந்த நாளில்.

நாகமலை அடிவாரத்து வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி முதலாளி விஸ்வேஸ்வரன் சின்னத் தண்டவாளம் போட்டிருந்தார். அதன்மேல் நின்ற நீராவி இன்ஜின், மூணாறில் வெள்ளம் கொண்டுபோன பழைய குறும்பாதை ரயிலின் சாயலில் செய்தது. இடுப்பு உயரம்தான் என்றாலும் பின்னால் ஆட்களை உட்காரவைத்து இழுக்கும். அதன் பாய்லர் பாண்டிச்செல்வி செய்தது. செம்புத் தகட்டை வளைத்து, வெள்ளிக்கம்பி உருக்கி ஒட்டி, கசிந்த மூட்டைப் பிரித்து மறுபடி ஒட்டி, ஒரு வருஷமாகத் தகரக் கொட்டகையில் தனியாகக் கிடந்தாள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். உசிலம்பட்டியிலிருந்து அம்மா போன் பண்ணினால், “இன்ஜினியரிங் படிச்சிட்டு பொம்மையா செய்யிற?” என்பாள். பாய்லர் முதல்முறையாக அழுத்தம் தாங்கி நின்றபோது, சொல்ல ஆளில்லாமல் அதையே தட்டிக்கொடுத்தாள்.

இப்போது விஸ்வேஸ்வரனின் மனைவி ஜகதாம்பாள் மாமி, இன்ஜினில் பதிக்கும் பித்தளைத் தகட்டுக்குக் குங்குமம் வைத்து எடுத்துவந்தார். ‘விஸ்வேஸ்வரன் – ஸ்ரீராம்குமார், மதுரை.’ அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மகன் ஸ்ரீராம்குமார் இந்த இன்ஜினை நேற்றுதான் கண்ணால் பார்த்தான்.

“இப்பப் போய் என்னம்மா இது?” என்றார் விஸ்வேஸ்வரன், சிரித்த முகம் மாறாமல். “நீ நம்மாத்துப் பொண்ணு மாதிரி. பேர்ல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லேன்னா போட்டுற வேண்டியதுதான சார்.”

“அப்பா, அடுத்த இன்ஜின்ல பாத்துக்கலாம். எல்லாரும் வெயிட் பண்றா.” மகன் இன்ஜினை ஒட்டி, ஓட்டுபவர் உட்காரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். “ஸ்டீம் ரெடியா? போலாமா?”

அடுத்ததற்கும் இவள்தான் பாய்லர் செய்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பாண்டிச்செல்விக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

அப்படியே போய்விடலாம். ஆனால் நெருப்பு மூட்டியது அவள்; மூட்டியவர் எரிகிற இன்ஜினை விட்டு நகரக் கூடாது; நீராவி வேலையில் அது கட்டாயம். தண்ணீர் வற்றினால் பாய்லர் கெட்டுவிடும். தன் கையால் செய்ததைக் கெடவிட அவளுக்கு மனமில்லை.

“இறங்குங்க,” என்றாள். அவன் இறங்கினான்.

நெருப்பை அணைக்க, நெருப்புப் பெட்டியின் அடித்தட்டைத் தாங்கிய முளையை உருவினாள். கனன்ற நிலக்கரி சாம்பல் தட்டோடு சரிந்தது. வால்வைத் திறந்ததும் நீராவி வேப்பமரக் கிளை வரை சீறியது. விருந்தாளிகள் அதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். போனில் படம் பிடித்தார்கள்.

அழுத்தமானியின் முள் இறங்கி முடியும்வரை பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் அருகில் வரவில்லை. பாண்டிராஜ் அண்ணன்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்குப் பேசலாம்மா,” என்றார் விஸ்வேஸ்வரன்.

“போறேன் சார்,” என்றாள். வாரேன் என்று சொல்லவில்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு பஸ் போகும் ரோட்டுக்கு நடந்தாள்.