நீங்க என்றது யாரை

டாக்டர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல்தான் அதைச் சொன்னார்.

"இன்னும் எத்தனை தடவை மாத்தி மாத்திப் பாக்கறது? நீங்க ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணிக்கிட்டா விஷயம் முடிஞ்சுது. காலைல வந்தா மத்தியானமே வீட்டுக்குப் போயிடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன டாக்டர் இருக்கு? பண்ணிடலாம்" என்றான் அவள் புருஷன்.

அவன் அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தான். லிப்ட் ரிப்பேர் செய்கிற வேலை. எங்கேயாவது ஒரு கட்டடத்தில் யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் இவன் போன்தான் அடிக்கும். அன்றும் அடித்தது. வெளியே போய் யாரையோ பதறாமல் நிற்கச் சொல்லி, எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று கத்திவிட்டு வருவதற்குள், சொல்ல வேண்டியதையெல்லாம் டாக்டர் அவளிடம் சொல்லி முடித்திருந்தார். உடம்பில் ரத்தமே இல்லை, இரண்டு பிரசவத்துக்கும் வயிற்றைத் திறந்தாயிற்று, மூன்றாவது முறையாக அங்கே கத்தி வைக்கத் தனக்கு மனசில்லை, அவர் வரட்டும், அவரிடமே பேசுகிறேன் என்று.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லயே! இந்த ரூம்ல உக்காந்து இப்படிப் பட்டுனு சரின்னு சொன்ன ஆம்பளைய நான் பாத்ததே இல்ல."

அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், இரண்டு நாள் கனமாக எதையும் தூக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்து டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற வரைக்கும் வேறு பாதுகாப்பும் வேண்டும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்று பொறுப்பாகத் தலையாட்டினான். அவன் தலையாட்டிய விதத்தில்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. டாக்டர் சொன்னது ஆம்பளைக்குச் செய்கிற குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், இந்த மனுஷனோ அந்த 'நீங்க' அவள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். திறந்தால் அந்த 'சரி' போய்விடும். மூடிக்கொண்டாள்.

வீட்டில் அவள் 'நீ'. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற இடத்தில் மேனேஜருக்கு 'ஏம்மா'. சாமான் வாங்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை, கூடையை முன்னால் தள்ளினால் போதும். 'நீங்க' என்ற சொல் அவள் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அவனுக்கோ அது கேட்காமலே கிடைக்கிற சொல், அவள் வாயிலிருந்தே நாள் முழுக்கக் கிடைக்கும். இருந்தும் அன்றைக்குப் பார்த்து அதைப் பெரிய மனசோடு அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த விஷயத்தில் இதுவரை வந்ததெல்லாம் அவளுக்குத்தானே வந்தது.

முதலில் மாத்திரை. தினமும் ஒரே நேரத்துக்குப் போட வேண்டும் என்றார்கள். அவளுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதிய ஷிப்ட், ஒரே நேரம் என்று ஒன்று அவள் வாழ்க்கையில் இருந்தால்தானே? போட்ட நாளெல்லாம் குமட்டல், போடாத நாளெல்லாம் பயம். பிறகு ஊசி. அதே ஊசி போட்டுக்கொண்டு பக்கத்து கவுன்டர்காரி ராணி மாதிரி வளைய வருகிறாள். இவளுக்கு மட்டும் எப்போது ரத்தம் வரும், எப்போது நிற்கும் என்று அதற்கே தெரியவில்லை. அப்புறம் காப்பர் டி. டாக்டர்களைக் கேட்டால் நிறையப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்பார்கள். இவளைப் பாடாய்ப் படுத்தியது. மாதவிடாய் நாட்களில் கவுன்டரை விட்டு நகர முடியாமல், வரிசை குறையுமா என்று பார்த்துக்கொண்டே, புடவையின் பின்பக்கம் ஈரம் பரவுகிறதா என்று சுவரிலிருந்த கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதையும் எடுத்தாயிற்று. காண்டம் பெட்டிகள் அவள் கவுன்டருக்குப் பக்கத்திலேயே, சூயிங் கம்முக்கு மேல்தட்டில்தான் அடுக்கியிருக்கின்றன. ஆண்கள் அதை எடுத்து பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் நடுவில் ஒளித்துக் கொண்டுவருவார்கள், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பில் போடுவாள். அவள் புருஷனுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்பான். அப்படி ஒரு நாளைக்குப் பிறகு போன வருஷம் நாள் தள்ளிப்போய், ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். அதன்பிறகு அவன் பக்கத்தில் வந்து படுத்தாலே அவளுக்கு உடம்பு விறைத்துக்கொள்கிறது. ஆசை இல்லாமல் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது அந்த 'சரி' அவளிடம் இருந்தது. ஒரு வாரம் அதை மடியில் வைத்துக் காப்பாற்றினாள்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஆரம்பித்துவிட்டான். தண்ணீர்க் குடத்தை அவன் தூக்கினான். "நீ உக்காரு, உடம்ப இப்பவே தேத்திக்கணும்." பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அக்காவுக்குப் போன் போட்டு வரச் சொன்னான். "பாவம் அவ, நெறைய பட்டுட்டா. இதோட முடியட்டும்" என்று அவன் போனில் சொன்னது சமையலறைவரை கேட்டது. இத்தனை வருஷத்தில் அவள் பட்டதை அவன் பார்த்திருக்கிறான் என்பதே அவளுக்குப் புதுசு. பார்த்துவிட்டும் சும்மாதான் இருந்திருக்கிறான் என்பது அடுத்த நொடியே தோன்றியது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுவாள். அவன் டீ போட்டுக் கையில் கொடுப்பான். சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், அவளுடைய நைட்டியையும் துண்டையும் அவனே ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டாள். கை காலியில்லாததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நாளைக்கு வரணும், ஞாபகம் இருக்குல்ல? லேசா சாப்டுட்டு வாங்க. வரும்போது ஷேவ் பண்ணிட்டு வந்துடுங்க."

"சரிங்க சிஸ்டர்."

"மேடம் கூட வர்றாங்கல்ல?"

"அவங்க வராம எப்படிங்க சிஸ்டர்!" என்று இவன் சிரித்தான். அந்தப் பக்கமும் சிரித்தது.

போனை வைத்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டான். ஒரு வாரத் தாடி. "பாத்தியா, கூட வர்றவங்ககூட ஷேவ் பண்ணிட்டு வரணுமாம். அவ்ளோ சுத்தம் பாக்கறாங்க. நல்ல ஆஸ்பத்திரிதான்." பாட்டு முனகியபடியே குளியலறைக்குள் போனான்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். முதலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்புதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. தெரியாமலே ஒருவனைக் கத்திக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதா? அவளை எத்தனையோ முறை யாரும் கேட்காமல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்காக இவனையும் அப்படி நிறுத்த முடியுமா? எழுந்துபோய்க் குளியலறைக் கதவைத் தள்ளினாள்.

ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. இன்னொன்றில் நுரை.

"மூஞ்சிய இல்லங்க" என்றாள்.

"என்னது?"

"ஷேவ் பண்ணச் சொன்னது மூஞ்சிய இல்ல. டாக்டர் அன்னைக்கு நீங்கன்னு சொன்னது என்னை இல்ல. உங்களை."

ரேசர் அப்படியே நின்றது. அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றியது, பாராட்டியது, நர்ஸ் சிரித்தது எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து போவது அவளுக்குத் தெரிந்தது.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"ம்."

"தெரிஞ்சே ஏன்டி சும்மா இருந்த?"

சண்டை போடுவான் என்று நினைத்து ஒரு வாரமாகப் பதில்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"நீங்க சரின்னு சொன்னது நல்லா இருந்துச்சு. கொஞ்ச நாள் அது அப்படியே இருக்கட்டுமேன்னு தோணுச்சு" என்றாள். "இப்ப சொல்லிட்டேன். வேணாம்னா போன் பண்ணி வரலன்னு சொல்லிடலாம்."

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் அதை இறுக்கினான். அவளைப் பார்க்காமல், சின்னப் பையன் மாதிரிக் கேட்டான்.

"வலிக்குமா?"

அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியலங்க. கொஞ்சம்தான் வலிக்கும்னு டாக்டர் சொன்னாங்க. என்கிட்டயும் எல்லாத்துக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

அவன் அவளைத் தாண்டி அறைக்குள் போனான். பின்னாலேயே போனாள். கட்டிலில் இருந்த பையைத் திறந்து, அவளுடைய நைட்டியை வெளியே எடுத்தான். துண்டை எடுத்தான். இரண்டையும் அவனுக்குத் தெரிந்த அளவுக்கு மடித்து அவள் கையில் கொடுத்தான். பிறகு, பாதிக் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்க, வாய் திறந்து கிடந்த அந்தக் காலிப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.