செம மப்பு

லிப்ட் மெக்கானிக் வம்பை விலைக்கு வாங்குவதில் கெட்டிக்காரன். அதுவும் நல்ல எண்ணத்தோடுதான் வாங்குவான்.

அன்று சாயங்காலம் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவன் மனைவி ஒரு பிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. அவனிடமிருந்துதான்.

"இன்னிக்கு செம மப்பு. வர லேட்டாகும். கோவிச்சுக்காத."

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். அவன் குடியை விட்டு ஒன்றரை வருஷமாகிறது. விட்ட அன்றே அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: இன்னொரு தடவை குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், திரும்பிப் பார்க்க மாட்டேன். சும்மா மிரட்டியதல்ல, போகத்தான் போவாள். ஆனால் இந்த ஒன்றரை வருஷத்தில் மனுஷன் எவ்வளவு நல்லவனாகிவிட்டான், பாவி!

பக்கத்தில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் படித்தாள்.

"மாமா வாக்கிங் போய் வானத்தைத்தானேக்கா போட்டோ எடுப்பாரு?"

"போன எடத்துல என்னத்த எடுத்தாரோ."

மறுபடியும் போன். "புல்லுல படுத்துட்டேன். தலைக்கு மேல எல்லாம் சுத்துது. என்ன சுகம்!"

"போச்சுடா, படுத்துட்டாராம்," என்றாள் தங்கை.

இருவரும் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தலைவலி வரும் என்று அவர் கேட்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

"மழை வர்ற மாதிரி இருக்குக்கா. குடைய எடுத்துட்டு வந்திருக்கலாம்."

"வரட்டும். நல்லா நனையட்டும் அந்த ஆளு."

தலை நிமிராமல் விறுவிறுவென்று நடந்தாள் அக்கா. கோபத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

வழக்கமாக வாக்கிங் போகும் பந்தாட்ட மைதானத்தின் ஓரத்தில் மல்லாந்து கிடந்தான் மெக்கானிக். போனை இரண்டு கையாலும் வானத்துக்குத் தூக்கிப் பிடித்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். யார் பார்த்தாலும் குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"ஊதுங்க!" என்றாள் மனைவி, குனிந்து.

"என்னது?"

"வாயத் தொறந்து ஊதுங்கன்னேன்!"

ஊதினான். மதியம் சாப்பிட்ட வெங்காயம் தவிர ஒரு வாசனையும் இல்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். அதே வெங்காயம்.

"செம மப்புன்னு அனுப்புனீங்களே?"

"ஆமா. மேல பாரேன்!"

அப்போதுதான் நிமிர்ந்தாள். மைதானம் முழுவதையும் மூடிக்கொண்டு கருமேகம் இறங்கியிருந்தது. அதன் அடிப்பக்கம் பிசைந்த மாவுபோல மடிப்பு மடிப்பாகப் புரண்டு, மெல்லச் சுழன்றது. மேற்கே கிழிந்த ஒரு ஓரத்தில் வெயில் புகுந்து, மடிப்புகளுக்கெல்லாம் தங்கக்கரை போட்டிருந்தது.

"வானம் மூடிக்கிட்டா எங்க வீட்டுல மப்புன்னுதான் சொல்வோம்," என்றான்.

"எங்க வீட்டுல நீங்க குடிச்சாத்தான் மப்பு!"

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக்கும் அசடு வழியச் சிரித்தான். மனைவி மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"நெசமாவே குடிச்சிருந்தா போயிருப்பியா?"

"போயிருப்பேன்."

"சரிதான்," என்றான். புல்லைக் கிள்ளினான். "சாயங்காலமானா நாக்கு இன்னும் கேக்குதுடி. நம்ம தெரு முனையில வரிசையா மூணு கடை. நேரா பாத்து நடந்தா போர்டு கண்ணுல படுது. அதான் அண்ணாந்து பாத்துக்கிட்டே வருவேன். அப்படிப் பாக்கப் போயித்தான் இந்த மேகமெல்லாம் கண்ணுல பட்டுச்சு."

ஒன்றரை வருஷமாக அவனுடைய மேகப் படங்களைப் பார்த்து, 'வேலையத்த வேலை' என்று தினமும் கேலி செய்தவள் அவள். கையைக் கொடுத்து அவனைத் தூக்கிவிட்டாள்.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெரு முனைக்கு வருவதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. முதல் கடையின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏங்க, அங்க பாருங்க!" அவள் அவன் முழங்கையைப் பிடித்து மேலே காட்டினாள். "அந்த மேகம் அப்படியே யானை மாதிரி இல்ல?"

யானையும் இல்லை, பூனையும் இல்லை. வானம் ஒரே இருட்டாகக் கிடந்தது. அவன் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு போனை எடுத்து அண்ணாந்து, நடந்துகொண்டே, மூன்றாவது கடையைத் தாண்டும்வரை அந்த யானையை விதவிதமாகப் படம் எடுத்தான்.