பருந்து போகும் நேரம்

காமாட்சிக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. விடிவதற்கு முன்னே எழுந்து, தலைக்கு ஊற்றி, ஈர முடியோடு சமைத்து, பண்டாரம் வந்து திதி கொடுத்து முடித்து, சோற்று இலையோடு லேக் கார்டனுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. கணவன் ரெங்கசாமிக்கு இன்று வருஷத் திதி. காக்கை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை நனைக்கலாம்.

ஏரிக்கரையில் மரத்தடியில் இலையை வைத்தாயிற்று. காக்கையைத்தான் காணோம். கோலாலம்பூரில் பஞ்சமே இல்லாத ஒன்று உண்டென்றால் அது காக்கை. பிரிக்பீல்ட்ஸில் துணி துவைக்கக் குனிந்தால் சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இன்றைக்குப் பார்த்து ஒன்றுகூட இல்லை.

"கா... கா..." என்று கத்திக் கத்தித் தம்புசாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ரெங்கசாமியின் அண்ணன் அவர், கிள்ளானிலிருந்து வந்திருந்தார். நடக்க வந்த ஒரு சீனர் நின்று பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று வேகமாக நடையைக் கட்டினார்.

"எடுக்க மாட்டேங்கிறான் பாத்தியா? அவன் மனசுல குறை இருக்கு காமாட்சி. அம்மாவ நான் பாத்துக்கிறேன்னு வாய்விட்டுச் சொல்லிடும்மா. ஒடனே வந்து எடுத்துடுவான்."

காக்கை எடுக்காவிட்டால், இறந்தவருக்கு என்ன குறையோ அதைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுப்பது வழக்கம்தான். அந்த வழக்கத்துக்குள் கிள்ளான் வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாயாரையும் தம்புசாமி நுழைத்துவிட்டார். அவர் மனைவிக்கு இடுப்புவலி, தூக்க முடியாது. கல்யாண வீடுகளில் மட்டும் அந்த வலி எங்கே போகுமோ தெரியாது.

தூக்குவது என்றால் என்னவென்று காமாட்சிக்குத் தெரியும். பக்கவாதத்தில் விழுந்த ரெங்கசாமியை வருஷக்கணக்காகத் தூக்கி, துடைத்து, ஊட்டியவள் அவள். இப்போது அவள் குடியிருக்கும் ரயில்வே குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு முத்து பீவி, பெட்டாலிங் ஜெயாவில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் ஒரு வேலையும், தன் மகள் வீட்டில் ஓர் அறையும் பார்த்து வைத்திருந்தாள். வேலை பெரிதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் யாரும் கூப்பிடாத ஓர் அறை. காமாட்சிக்கு அது வேண்டும். ஆனால் செத்தவர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டால் அவளால் மீற முடியாது. அது தம்புசாமிக்கும் நன்றாகத் தெரியும்.

"சொல்லும்மா, நேரமாகுதுலா."

எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. சொல்லித் தொலைத்தால் ஒரு வாய் சோறாவது சாப்பிடலாம். வாயைத் திறந்தவளுக்குத் தலை சுற்றியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

வெகு உயரத்தில் பருந்துகள் கூட்டமாக வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, கரைந்துகொண்டு, காணாமல் போன காக்கைகள் அத்தனையும்.

சக்கர நாற்காலியில் ரெங்கசாமியை இதே கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. கோணிய வாயால் அவர் சிரித்துச் சிரித்துச் சொல்வார்: "மார்ச் மாசமானா சுமத்ராவுலேர்ந்து கடலத் தாண்டி வந்துடும். சைனா பக்கம் போவுது. நம்ம காக்காவுக்குப் பொறுக்குதா பாரு! கொஞ்ச தூரம் வெரட்டிட்டு, ஜெயிச்சிட்ட மாதிரி எறங்கி வரும். பருந்து அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

"என்னம்மா, வானத்தப் பாக்குற?"

"இருங்க மாமா. யோசிச்சுச் சொல்றேன்."

பருந்துகள் சிறகசைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே நழுவின. காக்கைகளின் சத்தம் தணிந்தது. முதல் காக்கை விளக்குக் கம்பத்தில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. காமாட்சி கைகூப்பினாள்.

"ஏங்க, நான் பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்குப் போறேன். என்னால இனிமே தூக்க முடியாது. அத்தைய மாமா பாத்துக்குவாரு, நான் லீவு நாள்ல வந்து பாக்குறேன். உங்களுக்குச் சம்மதம்னா எடுங்க."

காக்கை இறங்கி வடையைக் கொத்திக்கொண்டு போனது. பின்னாலேயே கூட்டம் வந்து இலையை மொய்த்தது.

தம்புசாமி சண்டைக்கு வருவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துட்டான்... அவனே சொன்னதுக்கப்புறம் நான் என்ன சொல்ல? போய்ட்டு வாம்மா."

காமாட்சிக்குச் சுருக்கென்றது. மனுஷன் உண்மையாகவே நம்பியிருக்கிறார். ஏமாற்றிவிட்டேனே என்று புல்லில் அப்படியே உட்கார்ந்தாள். ஆனால் காக்கை எப்போது திரும்பும் என்று சொல்லிவைத்துவிட்டுப் போனவர் யார்? அவர்தானே. நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திதி கொடுத்தபோதுகூட வராத அழுகை.

"வாங்க மாமா," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சாப்பிடப் போவோம். பசிக்குது."