அஞ்சு பேர் காசு, ஒரே கணக்கு

தோள்பட்டை எரிந்தது. காலையிலிருந்து பன்னெண்டு எம்எம் கம்பியை மூன்றாம் மாடிக்குத் தோளிலேயே ஏற்றியிருந்தேன். கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்ற முடியாமல் நின்றபோது வெல்டர் அறைக்கதவை உதைத்துத் திறந்தான்.

"எங்க காசை உன் பொண்டாட்டி என்னடா பண்ணா? யார் வீட்டுக்கும் போய்ச் சேரல."

அறையில் நாங்கள் ஐந்து பேர். ஊருக்குத் தனித்தனியாகப் பணம் அனுப்பினால் ஆளுக்கொரு கமிஷன் அழ வேண்டும். அதனால் மாசம் ஒருத்தர் வீட்டுக் கணக்குக்கு மொத்தமாக அனுப்புவோம். அந்த வீட்டுப் பெண் எடுத்து, மற்ற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பாள். இரண்டு வருஷமாக ஒரு பைசா பிசகியதில்லை. இந்த மாசம் என் முறை, என் மனைவியின் கணக்கு.

கொத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. திங்கட்கிழமைக்குள் அறுபதாயிரம் முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன். அந்தக் காசும் இதில்தான் போயிருந்தது.

போன் போட்டேன். வெல்டரே ஸ்பீக்கரை அமுக்கினான்.

"பேங்க்ல பிடிச்சுக்கிட்டாங்க," என்றாள் மனைவி. "வீட்டு லோன் பாக்கி, வட்டி, அபராதம்னு மொத்தத்தையும். காசு விழுந்த அன்னைக்கே எடுத்துட்டாங்க."

"அடுத்தவங்க காசுன்னு சொன்னியா?"

"சொன்னேன். அடுத்தவங்க காசு உங்க கணக்குக்கு ஏம்மா வந்துச்சுன்னு மேனேஜர் என்னையே திருப்பிக் கேக்கறாரு."

கொத்தனார் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "லோன் பாக்கி இருக்கறது உனக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "அவருதாண்ணே கட்ட வேணாம்னாரு. மாடிக்குத் தளம் போட்டுட்டு லோனைப் பாத்துக்கலாம்னாரு. அஞ்சு மாசமாச்சு."

போனை அணைத்தேன்.

"அய்யா மாடி ஏறிட்டாரு," என்றான் வெல்டர். "படி நம்ம முதுகுடா."

"இப்படிப் பிடிப்பாங்கன்னு தெரியாதுண்ணே. மாசாமாசம் குடுத்துடறேன்."

"அவ வயித்துல இருக்கற கட்டிகிட்ட சொல்லு," என்றார் கொத்தனார். "தவணைக்கு ஒத்துக்குதான்னு கேட்டுச் சொல்லு."

மேஸ்திரியிடம் முன்பணம் கேட்டுப் போனேன். அதற்குள் விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. "ரூம்காரனுக்கே நாமம் போட்டவன் எனக்குப் போட மாட்டியா?" என்றார், ஆட்கள் நடுவில். போனை விற்றேன், கைக்கடிகாரத்தை விற்றேன். பதினோராயிரம் தேறியது. கொத்தனார் என் எதிரிலேயே இரண்டு தடவை எண்ணினார். என் காசை அவர் ஒருநாளும் எண்ணி வாங்கியவரில்லை.

"இதை நான் தனியா அனுப்பிக்கறேன்," என்றார். "கமிஷன் உன் கணக்கு."

திங்கட்கிழமை போய்விட்டது. ஆபரேஷன் தேதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அடுத்த தேதிக்கு இரண்டு மாசமாவது ஆகுமாம். அறையில் இப்போது நாலு பேருக்கு ஒரு பானை, எனக்கு ஒரு பானை. நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கிறது. அவரவர் காசை அவரவரே அனுப்புகிறார்கள். ஆளுக்கொரு கமிஷன் தண்டம். ஒவ்வொரு தடவையும் வெல்டர் அந்த ரசீதை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகிறான்.

மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தர வேண்டும். கொத்தனாருக்கு நாற்பத்தொன்பதாயிரமும், அந்தக் கமிஷனும்.